முகப்பரு ஊசி போட்ட இடத்தில் குழி விழுந்தால்

"கல்யாணம் பேசுற நேரத்துல பொண்ணு முகத்துல குழி விழுந்துடுச்சே" என்று நம்மில் சிலர் கலங்குகிறோம். காரணத்தைத் தெரிந்துகொள்வோம்.

வலிக்கிற பெரிய பருவுக்குள் டாக்டர் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. வீக்கம் சில நாளில் வடியும். மருந்து அதிகமானாலோ, ஆழமாக இறங்கினாலோ தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு சுருங்கி, சில வாரத்தில் குழி தெரியும்.

பெரும்பாலும் இது சில மாதத்தில் தானாக நிரம்பும். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். பருவைக் கிள்ளி வந்த தழும்புக் குழி வேறு. அது தானாக நிரம்பாது.

குழி விழுந்த இடத்தில் மறுபடி ஊசி வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். தோல் இன்னும் மெலியும். அவசரப்பட்டு குழுக்கடனில் லேசரும் வேண்டாம். முதலில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிக் கேட்போம். பொறுத்தால் முகமும் தேறும், நம் சேமிப்பும் மிஞ்சும்!