சில இணையத்தளங்கள் மட்டும் திறக்காதபோது: வழுவைக் கண்டறிதல்

பின்வரும் சம்பவத்தைக் கருதுக. உங்கள் வீட்டுக் கணினியில் செய்தித் தளங்கள் திறக்கின்றன, காணொளிகளும் ஓடுகின்றன. ஆனால் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கும் தளம் மட்டும் திறக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு வாரங்களே உள்ளன. கணினியைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்லும்படி வீட்டார் கூறுகின்றனர். அங்கே பணிசெயல் முறைமையை மீள நிறுவிவிட்டால் உங்கள் கோப்புகள் அழியக்கூடும். வழுவோ அப்படியே இருக்கக்கூடும்.

இச்சம்பவத்தில் முக்கியமான சொல் "மட்டும்" என்பதாகும். ஏனைய தளங்கள் திறப்பதால் வடம், மோடெம், இணையச் சேவை வழங்குநருடனான இணைப்பு ஆகியன இயங்குகின்றன என்பது தெளிவு. (முன்னர் ஒருபோதும் பார்க்காத பக்கமொன்றைத் திறந்து இதனை உறுதிசெய்க. பார்த்த பக்கமாயின் பதுக்கு நினைவகத்திலிருந்து காட்டப்படலாம்.) ஆகவே "வடத்தைச் சரிபார்க்க வேண்டும்" என்பது இவ்வினாவுக்கு விடையன்று. திறக்கும் தளத்துக்கும் திறக்காத தளத்துக்கும் இடையே வேறுபடுவது யாது என்று தேடுக.

முதலில் வழு இருக்கும் இடத்தைக் குறுக்கிக்கொள்க. கைத்தொலைபேசியின் தரவு இணைப்பை நிறுத்தி, வீட்டு வைஃபை மூலம் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் வழு உங்கள் கணினியில் உள்ளது. திறக்காவிடின் வைஃபையை நிறுத்தி, வேறொரு சேவை வழங்குநரின் தரவு இணைப்பில் முயல்க. அப்போது திறந்தால் வழிப்படுத்தியிலோ வீட்டுச் சேவை வழங்குநரிடமோ வழு உள்ளது. எங்குமே திறக்காவிடின் பெரும்பாலும் அத்தளத்தின் சேவையகத்திலேயே கோளாறு; காத்திருப்பதைத் தவிர வழியில்லை. விதிவிலக்கொன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இலங்கையில் சமூக ஊடகத் தளங்கள் தடைசெய்யப்பட்டன. அன்று அத்தளங்கள் திறக்காமைக்குக் காரணம் கணினியுமன்று, சேவையகமுமன்று.

வழு கணினியில் என்று தெரிந்தால் அடுத்து ஆள்களப் பெயரை ஆராய்க. நீங்கள் தட்டச்சுச் செய்யும் பெயரைக் கொண்டு வலை மேலோடியால் நேரடியாகச் சேவையகத்தை அடைய முடியாது. அப்பெயருக்குரிய ஐபி முகவரி வேண்டும். அதனை வழங்குவது ஆள்களப் பெயர் முறைமை, அதாவது டிஎன்எஸ். எனினும் அதனிடம் கேட்பதற்கு முன்னர் கணினி தன்னிடமுள்ள "ஹோஸ்ட்ஸ்" என்னும் சிறு கோப்பைப் பார்க்கும். தீம்பொருள்கள் இதில் எழுதிவைப்பதுண்டு. ஒரு தளத்தின் பெயருக்கு எதிரே 127.0.0.1 என எழுதப்பட்டால், கணினி தன்னையே தேடிக்கொண்டிருக்கும்!

இதனைக் கண்டுபிடிக்க இரு கட்டளைகள் போதும். "என்எஸ்லுக்அப்" கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாராது டிஎன்எஸ் சேவையகத்திடம் நேரே கேட்கும். "பிங்" கட்டளையோ அக்கோப்பையும் பார்க்கும். முதலாவது வெளி முகவரியொன்றையும் இரண்டாவது 127.0.0.1 ஐயும் காட்டினால் ஹோஸ்ட்ஸ் கோப்பே குற்றவாளி. ஆனால் பிங்குக்குப் பதில் வராமையைக் கொண்டு மட்டும் தளம் இயங்கவில்லை என எழுதாதீர்கள். நன்றாக இயங்கும் பல சேவையகங்களும் பாதுகாப்புக் கருதிப் பதிலளிப்பதில்லை.

தீம்பொருள் இவ்வாறு செய்வது கற்பனையன்று. 2008 நவம்பரில் வெளிப்பட்ட கொன்ஃபிக்கர் புழு, மைக்ரோசொஃப்ட் மற்றும் வைரசு எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களை மட்டும் தடுத்தது. மருந்து எடுக்கும் கதவை நோயே பூட்டியது எனலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்பது கணினியின் டிஎன்எஸ் அமைப்பையே மாற்றி, பயனரைப் போலித் தளங்களுக்குத் திருப்பியது. 100க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. 2011 நவம்பரில் சூத்திரதாரிகள் பிடிபட்டபின் அவர்களின் சேவையகங்களுக்குப் பதிலாகத் தற்காலிகச் சேவையகங்கள் இயக்கப்பட்டன. அவை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டபோது, அதுவரை திருத்தப்படாத கணினிகளால் பெயர்களை முகவரிகளாக மாற்ற முடியவில்லை.

பெயரும் முகவரியும் சரியாயின் கணினியின் திகதியைப் பாருங்கள். மாணவர் பலர் மறப்பது இதனையே. எச்டிடிபிஎஸ் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் குறித்த காலத்துக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள சிஆர் 2032 பொத்தான் மின்கலம் தீர்ந்தால் கணினியின் திகதி பல வருடங்கள் பின்சென்றுவிடும். இன்றைய சான்றிதழ் அதற்கு "இன்னும் தொடங்காத" சான்றிதழாகத் தோன்றும். எச்டிடிபி எனத் தொடங்கும் பழைய தளங்கள் மட்டும் திறக்கும். திகதியைத் திருத்தி மின்கலத்தை மாற்றுக.

திகதி சரியாக இருந்தும் இதே எச்சரிக்கை வருமாயின், கணினியின் மூலச் சான்றிதழ்கள் பழையனவாக இருக்கலாம். 2021 செப்டெம்பர் 30 அன்று மூலச் சான்றிதழொன்று காலாவதியானபோது பல பழைய சாதனங்களில் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை. மென்பொருளை இற்றைப்படுத்துவதே இதற்குத் தீர்வு. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது கடவுச்சொல்லை உட்புகுத்துவது ஆபத்தானது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, உடனே சோதித்து, குறித்துக்கொள்க. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலனளித்தது என்று தெரியாது.

பயிற்சி வினா: கணினியொன்றில் ஒரு வங்கியின் தளம் மட்டும் திறக்கவில்லை. அதே வைஃபையில் தொலைபேசியில் திறக்கின்றது. கணினியின் திகதி சரியானது. என்எஸ்லுக்அப் வெளி முகவரியைத் தருகின்றது, பிங் 127.0.0.1 ஐ நாடுகின்றது. வழு எங்குள்ளது? வழிப்படுத்தியை நீங்கள் சந்தேகிக்காமைக்குக் காரணம் யாது?