ஐப்பசி மழைக்கு முன்: பழைய ஓட்டு வீட்டின் வெளிப்புறம்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிச் சீமை ஓடு வேய்ந்த பழைய சிறு வீட்டின் வெளிப்புறத்தைச் செப்பனிட, ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி முடியும் வரையுள்ள ஐந்து வாரமே ஏற்ற காலம். சித்திரை வெயிலில் புதுப் பூச்சு ஈரம் இழந்து வெடிக்கும். ஐப்பசியில் காயவே காயாது. இடையிடையே மாலை மழை வரும் என்பதால் தார்ப்பாய் ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

வேலை மேலிருந்து கீழாக நடக்க வேண்டும். கண்ணில் படுவது சுவர் என்பதால் பலரும் அதற்கு முதலில் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ஓட்டுப் பொத்தலில் இறங்கும் தண்ணீர் முதல் மழையிலேயே அந்தச் செலவைக் கறையாக்கிவிடும்.

ஒழுகும் இடத்தை அறிய எளிய வழி, மழை பெய்த மறுநாள் காலை உள்ளேயிருந்து கைமரங்களையும் ரீப்பர்களையும் பார்ப்பது. ஈரத்தடம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேயோ, சரிவில் சற்று உயரத்திலோ உடைந்த ஓடு இருக்கும். விரலால் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிந்த ஓட்டில் அந்த ஒலி வராது. மேல் வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, உடைந்ததை உருவி, புதியதன் பல்லை ரீப்பரில் கொளுவினால் போதும்.

சிக்கல், பொருந்தும் ஓட்டைத் தேடுவதில் இருக்கிறது. 1860-களில் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதைப் பின்பற்றிப் பல தொழிற்சாலைகள் வந்தன. ஒன்றின் ஓட்டுக்கும் மற்றதன் ஓட்டுக்கும் அளவிலும் பள்ளத்திலும் சிறு வேறுபாடு உண்டு. பொருந்தாத ஓடு அக்கம்பக்கத்து ஓட்டையும் தூக்கி நிறுத்திவிடும். எனவே வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் ஒத்துப்பார்த்து வாங்குவது நல்லது. கூரைமேல் ஏறுகிறவர் ஓட்டை நேராக மிதிக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். பாசி ஈரமாக இருக்கும்போது ஏறவே கூடாது. கைமரம் இற்றிருந்தால் அது தச்சர் வேலை. இரு சரிவுகள் கூடும் தகரக் கால்வாயில் வேப்பிலை அடைத்திருந்தால் அள்ளிப்போட வேண்டும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டுவதால் பயனில்லை, மீண்டும் தழைக்கும். இரண்டு செங்கல்லைப் பெயர்த்தாவது வேரை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சாந்தால் அடைக்க வேண்டும். மயிரிழை வெடிப்புக்கு அஞ்சத் தேவையில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து இறங்கும் வெடிப்பு வேறு வகை. அதன் குறுக்கே சிறிது சாந்து அப்பித் தேதி எழுதி வைத்தால், சில வாரங்களில் சாந்தும் பிளக்கிறதா என்று தெரியும். பிளந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

பழைய சுவரைக் கெடுப்பதில் மழையைவிடச் சிமென்டுக்குப் பங்கு அதிகம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து சிறிது ஈரத்தை உறிஞ்சும்; வெயில் காலத்தில் அதைப் பூச்சு வழியே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினாலோ, நீர்புகாப் பெயின்ட் அடித்தாலோ அந்த வழி அடைபடும். உள்ளே தங்கும் ஈரம் உப்பைச் சுமந்து மேலேறி, உட்பக்கச் சுவரைப் பொரியவைக்கும். உதிர்ந்த இடத்தில் மறுபடியும் சிமென்ட் பூசுவது நோயைக் கூட்டுவதுதான்.

பூச்சைக் கரண்டிப் பிடியால் தட்டினால் பொள்ளல் ஒலி வரும் இடம் தெரியும். அதை மட்டும் கொத்தி எடுத்தால் போதும். உறுதியாக நிற்பதைத் தொட வேண்டாம். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல் சேர்ந்த சாந்தை, சுவர் நன்றாக நனைந்த பின் பூச வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆழமான குழியை இரண்டு மூன்று பூச்சில் நிரப்பலாம். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று இறுகுவது; அவசரப்படுத்த முடியாது. ஒரு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, வெயில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வெள்ளையடிப்பு. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு நாள் ஊறிய பின் துணியில் வடிகட்டி, சிறிது கஞ்சியோ பசையோ சேர்த்து, மூன்று முறை மெல்லியதாக அடிக்க வேண்டும். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகே வெளுக்கும். ஈரத்தில் தெரியவில்லையே என்று முதல் முறையே கெட்டியாக அடித்தால் சுவர் செதில் செதிலாக உரியும்.

கதவு ஜன்னல்களில் உரிந்த பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது ஆபத்து. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் நிறுத்தும் விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துணியில் துடைத்தெடுக்க வேண்டும். குழந்தைகள் அருகே இருக்கக் கூடாது. பிறகு மக்கு வைத்து, ப்ரைமர் அடித்து, பெயின்ட் பூசலாம்.

கடைசியாகத் தரை. சுவரோரம் மண் மேடிட்டிருந்தால் வெட்டி, மழைநீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போட்டால் தரையின் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் ஏறும். அங்கே சரளைக் கல் பரப்புவது மேல்.

புரட்டாசி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு புதிய பூச்சு எதையும் தொடங்கக் கூடாது. விடுபட்ட சுவரைத் தார்ப்பாயால் மூடிவைத்து, மழை நின்று அது நன்றாக உலர்ந்தபின், தை மாதக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.