திரைப்படத்தின் தோற்றுவாய்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது தமிழ் இலக்கண ஆசிரியர்களின் துணிபு. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலெனப்படாது என்பது நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் கருத்து. நூலின் பொருள் யாது, அதனைக் கற்றற்குரியார் யாவர், கற்பதனால் எய்தும் பயன் யாது என்பவற்றை வாயிலில் நின்றே அறிவிப்பது பாயிரம். திரைப்படத்திற்கும் இவ்விதி பொருந்தும். படத்தின் முதல் இரண்டு மூன்று நிமிடங்களே அதன் பாயிரம் எனலாம். குடும்பக் கதை மெல்லத் தொடங்கி மெல்ல வளரலாம். ஒரு குற்றத்தையும் அதனைத் துப்பறியும் முயற்சியையும் பொருளாகக் கொண்ட கதையோ முதற்காட்சியிலேயே காண்போர் உள்ளத்தில் ஒரு வினாவை ஊன்றிவிடல் வேண்டும்.

முற்காலத்தில் படம் எடுத்தல் பெரும்பொருள் உடையார்க்கே இயல்வதாக இருந்தது. இக்காலத்தில் கைப்பேசி ஒன்று கையிலிருந்தால் பள்ளி மாணவரும் சிறு படம் எடுக்கின்றனர். மாணவர் படம் என்று அதனை எளிதாக எண்ணிவிடுதல் கூடாது. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ என்னும் படம், அடையாறு திரைப்படக் கல்லூரி என்று மக்கள் வழங்கும் அரசு நிறுவனத்தில் பயின்ற இளைஞர்களால் ஆக்கப்பட்டது. ஆபாவாணன் கதை எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். பெண்கள் காணாமற்போகும் மருமத்தை ஆராயும் அப்படத்தை மக்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர். ஆகவே, மாணவர் எடுக்கும் படத்தையும் தேர்ந்த கலைஞர் படத்தைப் போன்றே கருத்துடன் ஆராய்தல் தகும். அவ்வாறு ஆராய்வதற்கு முதலில் நல்லதோர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோல் தமிழ்ப் படவுலகிலேயே கிடைக்கின்றது. 1954ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனத்தார் ‘அந்த நாள்’ என்னும் படத்தை வெளியிட்டனர். வீணைக் கலையில் வல்லவராகிய எஸ். பாலசந்தர் அதனை இயக்கினார். ஜாவர் சீதாராமன் அதற்கு எழுத்துப்பணி ஆற்றினார். ஒரு படத்தில் பத்துக்கு மேற்பட்ட பாடல்கள் நிறைந்திருந்த அக்காலத்தில், ஒரு பாடலேனும் நடனமேனும் இன்றி அப்படம் அமைந்தது. படம் தொடங்கியவுடன், சிவாஜி கணேசன் நடித்த இராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் துப்பாக்கிக் குண்டு பட்டு மாள்கிறான். கதைத்தலைவனே தொடக்கத்தில் மாண்டுவிட்டால் கதை எவ்வாறு நடக்கும்? அவனைச் சுட்டவர் யாவர்? ஏன் சுட்டனர்? கண்டோர் உள்ளத்தில் இவ்வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. அதன்பின் துப்பறியும் அதிகாரியிடம் வீட்டாரும் அண்டை அயலாரும் தத்தம் ஐயத்தை உரைக்கின்றனர். ஒருவர் சுட்டும் குற்றவாளியை மற்றவர் சுட்டுவதில்லை. முடிவை இங்குக் கூறிவிடுதல் முறையன்று. படத்தைக் கண்டு அறிதலே இன்பம்.

அத்தொடக்கம் சிறந்ததற்குக் காரணம் துப்பாக்கி ஓசை மட்டும் அன்று. கதை நிகழும் காலம் 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். உலகப் போரின்போது ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசிய மாதம் அது. அதற்கு முன்பே, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையைத் தாக்கி எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீ மூட்டியது. 1942ஆம் ஆண்டில் பகைவர் வருவர் என்று அஞ்சிப் பல்லாயிரவர் நகரை விட்டு நீங்கினர். அச்சம் நிறைந்த நகரில், அச்சம் மிக்க நாளில் ஒரு கொலை நிகழ்கின்றது. இடமும் காலமும் கதைக்குத் திரைச்சீலையாகத் தொங்காமல், கதையின் உள்ளே புகுந்து வினை செய்கின்றன.

தொல்காப்பியர் இதனையே முதற்பொருள் என்றார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழும் உயிரும் பொருளும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் இயைந்து நிற்பதே நல்ல பாட்டு. மாணவர் எடுக்கும் படத்தையும் இவ்வளவுகோலால் அளத்தல் இயலும்.

சென்னையின் வடபால் உள்ள இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தல் நிலம். அந்நிலத்து மாணவர் சிலர் இரண்டு நிமிட அளவில் ஒரு துப்பறியும் படத்தின் தொடக்கத்தை எடுத்தனர் என்று கொள்வோம். முதல் நாற்பது நொடிகளில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் கப்பல்களும் காட்டப்படுகின்றன. அடுத்துக் கடலுள் மறையும் மாலைக் கதிரவன் தோன்றுகின்றான். பின்னர் இருண்ட சந்து ஒன்றில் ஒருவன் ஓடுகின்றான். முகத்தில் தழும்புடையவன் ஒருவன் அரிவாளுடன் அவனைத் துரத்துகின்றான். இசை இடியென முழங்குகின்றது. மீண்டும் சந்து, மீண்டும் ஓட்டம், மீண்டும் அரிவாள். ஓடியவன் வீழ்கின்றான். “இது வட சென்னை” என்று ஒரு குரல் முழங்க, படத்தின் பெயர் குருதி நிறத்தில் தோன்றுகின்றது.

இதனை ஆராயப் புகுவோர்க்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் துணைசெய்யும். பாரந்தூக்கிகளை நாற்பது நொடி காட்டியது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம். கதைக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை. ஓட்டத்தை இருமுறை காட்டியது கூறியது கூறல். காட்சியே அச்சம் தருவதாயிருக்க, அதன்மேல் இடிமுழக்கமும் சேர்த்தது மிகைபடக் கூறல். கொன்றவன் முகமும் கொலைக்கருவியும் முதலிலேயே வெளிப்பட்டுவிட்டமையால் துப்பறிவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. முழக்கத்தோடு தொடங்கிய காட்சி சென்று தேய்ந்திறுதல் என்னும் குற்றத்தில் முடிகின்றது. இனி, உலகம் மலையாமை என்பது பத்து அழகுகளுள் ஒன்று. உலக நடைக்கு மாறுபடாமை என்பது அதன் பொருள். கீழைக் கடற்கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுவானேயன்றிக் கடலுள் மறையான். வேறோரிடத்தில் எடுத்த காட்சியைக் கொணர்ந்து ஒட்டினர் என்பதைக் காசிமேட்டுச் சிறுவனும் கண்டுகொள்வான். ஒரு சிறு பொய்யைக் கண்டவன் ஏனைய காட்சிகளையும் நம்பமாட்டான்.

இவை யாவும் திருத்துதற்கு எளியன. இவற்றினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தழும்புடைய முகத்தையும் இருண்ட சந்தையும் காட்டி, ஊரின் பெயரையும் முழங்கியபோது, அப்படம் ஆராயாமலே தீர்ப்பு வழங்கிவிட்டது. இன்ன முகத்தான் கொலைஞன், இன்ன ஊரார் கொடியர் என்பதே அத்தீர்ப்பு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழையும் இத்தகையதே. அயலூரிலிருந்து வந்த கோவலன் கையில் சிலம்பு இருந்தது. பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்றான். அவ்வளவில் அரசன் ஆணையிட்டான். அச்சிலம்பின் உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்று பார்க்க அவனுக்குப் பொழுது இல்லை. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது நீதி விளங்கிற்று. ஆயின் போன உயிர் மீளவில்லை. துப்பறியும் கதை என்பது பரலைப் பார்க்கும் கதையாதல் வேண்டும். பொற்கொல்லன் சொல்லை நம்பும் கதையாதல் கூடாது.

வட சென்னை கொலைக்களம் என்று காண்போர் எண்ணுமாறு படங்கள் பல வந்துவிட்டன. அந்நிலத்தின் உண்மை வரலாறோ வேறு. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரம் நிலையத்திலிருந்தே வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. இந்நாட்டின் தொழிலாளர் சங்கங்களுள் தொன்மையானதாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டில் பெரம்பூர்ப் பகுதியில் ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியது. திருவொற்றியூர், மூவர் தேவாரமும் பெற்ற தலம். பட்டினத்தார் அடங்கிய இடமும் அங்குள்ள கடற்கரையே. இத்தகைய ஊரில் குற்றமே நிகழாது என்று கூறுவார் இலர்; எவ்வூரிலும் குற்றம் உண்டு. ஊரையே குற்றவாளியாக்குதல்தான் தகாது. அங்கு வாழும் மாணவன் ஒருவன் பிறவூரார் முன் தன் முகவரியைக் கூற நாணுவானாயின், அந்நாணத்திற்கு அத்தகைய படங்களும் பொறுப்பேற்றல் வேண்டும். அம்மாணவன் கையிலேயே இன்று காமிரா இருக்கின்றது. பிறர் தன் ஊர்மீது சாற்றிய பழியை அவனும் சாற்றுவானாயின் இரங்கத்தக்கது.

2014ஆம் ஆண்டில் பா. இரஞ்சித் இயக்கிய ‘மெட்ராஸ்’ என்னும் படம் வேறொரு நெறியைக் காட்டியது. வியாசர்பாடிக் குடியிருப்பில் உள்ள ஒரு சுவரின் வரலாற்றோடு அது தொடங்குகின்றது. சுவர் யாருக்கு உரியது என்னும் பூசல் எத்தனை உயிரைக் கொண்டது என்று கேட்கும்போது, அரிவாளைக் காட்டிலும் அச்சுவரே அச்சம் தருகின்றது. நிலத்திற்குரிய பொருள் ஒன்றே கதையின் வித்தாயிற்று.

முற்கூறிய மாணவரும் தம் படத்தைத் திருத்தி எடுக்கலாம். கீழைக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லுதல் கூடாது என்பது அரசின் ஆணை. மீன்கள் இனம் பெருகுதற்பொருட்டு அமைந்த தடைக்காலம் அது. அக்காலத்து விடியற்பொழுதில் காட்சி தொடங்குகின்றது. காசிமேட்டுத் துறையில் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. ஏலக் குரல் இல்லை. ஐஸ் உடைக்கும் ஓசை இல்லை. முதியவர் ஒருவர் படகின்மேல் அமர்ந்து வலையைச் செப்பனிடுகின்றார். எழுந்து நடக்கும்போது அடுத்த படகின் இயந்திரத்தின்மேல் தற்செயலாகக் கை வைக்கின்றார். சூடு தாளாது கையை எடுக்கின்றார். அருகில் நிற்கும் பேரன், “இன்னா தாத்தா?” என்கிறான். அவர் நாற்புறமும் நோக்கிவிட்டு, “ஒன்னும் இல்ல, நீ வூட்டுக்குப் போ” என்கிறார். படத்தின் பெயர் தோன்றுகின்றது.

இங்குக் குருதி இல்லை, ஓட்டம் இல்லை, முழக்கமும் இல்லை. எனினும், ஒருவரும் கடலுக்குச் செல்லாத இரவில் அப்படகு எங்குச் சென்றது? யாரைக் கொண்டு சென்றது? முதியவர் எதனை அஞ்சிப் பேரனை வீட்டிற்கு அனுப்பினார்? இவ்வினாக்கள் காண்போரை விடாது பற்றிக்கொள்ளும். சூடேறிய அவ்வியந்திரமே இக்கதையின் சிலம்புப் பரல். அந்நிலத்தையும் அக்காலத்தையும் நீக்கிவிட்டால் கதையே இல்லை. முதற்பொருளும் கருப்பொருளும் அவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன. நெய்தல் நிலத்து முதியவர் இங்குக் குற்றவாளியாகத் தோன்றவில்லை; உண்மையை முதலில் உணர்ந்தவராகத் தோன்றுகின்றார். அவரும் பேரனும் பேசும் பேச்சு அவ்வூர்ப் பேச்சேயாயினும், அது நகைப்பிற்காக வைக்கப்பட்டதன்று. காவலர் செந்தமிழ் பேச, கள்வர் மட்டும் சென்னைக் கொச்சை பேசுமாறு அமைப்பதும் ஒருவகைப் பழிதூற்றலே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

பிறர் எடுத்த படத்தை மதிப்பிடுவோர் அதனை மூன்று முறை காணுதல் நலம். முதன்முறை இடையே நிறுத்தாது கண்டு, எழுந்த வினாவை எழுதிக்கொள்ளல் வேண்டும். வினா ஒன்றும் எழவில்லையெனில் தொடக்கம் பயன்படவில்லை என்பது தெளிவு. இரண்டாம் முறை ஒலியை அடக்கிவிட்டுக் காணுதல் வேண்டும். காட்சிகள் தாமே பொருளை உணர்த்துகின்றனவா என்பது அப்பொழுது விளங்கும். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டல் வேண்டும். ஒலி காட்சிக்குத் துணைசெய்கின்றதா, காட்சியின் குறையை மறைக்கின்றதா என்பது புலனாகும். அதன்பின் முதலில் குணத்தையும், பின்னர்க் குற்றத்தையும் கூறல் வேண்டும். “படம் நன்றாயில்லை” என்பது மதிப்பீடு ஆகாது. “ஓட்டக் காட்சியை ஒருமுறை காட்டினால் போதும், அதனால் இருபது நொடி மிஞ்சும்” என்பதே மதிப்பீடு, எடுத்தவன் அதனைக் கொண்டு திருத்த இயலும். எடுத்தவனும் சினங்கொள்ளாது கேட்டல் கடன். இறுதியில் இருவரும் ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்வாராக: இப்படத்தில் காட்டப்பட்ட தெருவில் வாழும் ஒருவர் நம் அருகே அமர்ந்து இதனைக் கண்டால், “ஆம், இஃது எங்கள் தெரு” என்று கூறுவாரா?