நான்கு திரைக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஃபார்வர்டிங் அலுவலகங்களில் மேசைக்கு ஒரு திரை என்பது பழைய கதை. இறக்குமதிச் சரக்குக்குக் கே1 பாரம், ஏற்றுமதிக்குக் கே2. சுங்கத்துக்கு அந்தப் பாரத்தை நிரப்புகிறவருக்கு இன்வாய்ஸ் ஒரு திரையில் இருக்க வேண்டும், பாரம் இன்னொன்றில், கப்பல் வரும் நேரம் மூன்றாவதில். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கணக்கு வழக்குப் பார்க்கும் சின்ன அலுவலகங்களுக்கும் இதே தேவை வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1 முதல் மின்-இன்வாய்ஸ் கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. கணக்கு மென்பொருள், வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே திரையில் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்தால் எண்ணில் பிழை விழத்தான் செய்யும்.

திரை கூட்டுவது நல்ல முடிவு. ஆனால் அதோடு சேர்ந்து வரும் சில நம்பிக்கைகள் தேவையில்லாத செலவில் கொண்டுபோய் விடுகின்றன. ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அந்தப் பணம் சின்னத் தொகை அல்ல.

முதல் நம்பிக்கை இது: "நாலு ஸ்கிரீன் வேணும்னா ரெண்டு கார்டு போட்டாதான் ஓடும்." ஒரு காலத்தில் இது உண்மை. 1998-ல் வந்த விண்டோஸ் 98 ஒரே கணினியில் 9 திரைகள் வரை அனுமதித்தது. அப்போதெல்லாம் பெரும்பாலான கார்டுகளில் ஒரே ஒரு சொருகுவாய்தான், அதனால் திரைக்கு ஒரு கார்டு என்று அடுக்கியாக வேண்டியிருந்தது. 2009-ல் ஒரே கார்டில் பல திரைகளை ஓட்டும் ஐஃபினிட்டி வசதியை ஏஎம்டி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஒரே கார்டில் 6 மினி டிஸ்ப்ளேபோர்ட் வைத்து ரேடியான் எச்டி 5870-ஐ விற்றது. 2012-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 நான்கு திரைகளை நடத்தியது. இன்று நடுத்தர விலையில் வாங்கும் எந்தப் புதிய கார்டும் பொதுவாக நான்கு திரைகளைத் தனியாகவே சமாளிக்கும்.

சொருகுவாய்களை எண்ணி மட்டும் முடிவு செய்துவிடக் கூடாது. ஜிடிஎக்ஸ் 1080 கார்டில் 5 வாய்கள் இருந்தன. ஒரே நேரத்தில் எரிவது 4 திரைகள்தான். பெட்டியின் மேலோ தயாரிப்பாளர் பக்கத்திலோ 'அதிகபட்சத் திரைகள்' என்று ஓர் எண் இருக்கும். பார்க்க வேண்டியது அதை.

கணினியின் பின்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மேலே யுஎஸ்பி, நெட்வொர்க் வாய்களோடு ஒட்டி ஒரு எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இருக்கும். அது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவை கார்டுடையவை. கார்டு போட்ட பிறகு மேலே உள்ள வாய் செத்துப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். சொருகிப் பார்த்து 'நோ சிக்னல்' வந்ததும் நம்பிக்கை உறுதியாகிவிடுகிறது. பல மதர்போர்டுகள் கார்டைக் கண்டதும் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன, அவ்வளவுதான். கணினி எழும்போது பயாஸுக்குள் போய் 'ஐஜிபியு மல்ட்டி-மானிட்டர்' அல்லது அதைப் போன்ற பெயருள்ள அமைப்பைத் திறந்துவிட்டால் மேல்வாயும் உயிர்பெறும். கார்டில் நான்கு, மதர்போர்டில் இரண்டு இருந்தால் மொத்தம் ஆறு திரைகள். ஒரு காசு செலவில்லை. இதைச் செய்து பார்க்காமல் இரண்டாவது கார்டு வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருந்தால்தான் இது நடக்கும். இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், எடுத்துக்காட்டாக ஐ5-12400எஃப், அதில் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000 வரிசையில் எண்ணுக்குப் பின் 'ஜி' இல்லாதவற்றிலும் கிடையாது. விலை குறைவு என்று லோ யாட் பிளாசாவில் சேர்த்துக் கட்டித் தரும் கணினிகளில் 'எஃப்' பிராசஸர் இருக்கலாம். ரசீதில் அந்த ஓர் எழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் பற்றி ஒரு வார்த்தை. மாமாக் கடையில் ஒரே பெட்டியிலிருந்து நான்கு டிவியில் ஒரே பந்தாட்டம் ஓடுகிறதே, ஸ்பிளிட்டரின் வேலை அதுதான். ஒரே படத்தைப் பிரதி எடுக்கும். கூடுதல் இடம் தராது. தனித்தனிப் படம் வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட்டில் எம்எஸ்டி என்ற வசதி இருக்கிறது. 1.2 பதிப்பிலிருந்தே ஒரு வாயிலிருந்து பல திரைகளைத் தொடுத்துக்கொண்டு போகலாம். விண்டோஸில் ஓடும், மேக்கில் ஓடாது. கார்டின் அதிகபட்ச எண் இங்கேயும் பொருந்தும்.

ஏழு, எட்டுத் திரைகள் தேவைப்படுகிறவர்களும் உண்டு. காலை 9 மணிக்குப் புர்சா மலேசியா திறந்தது முதல் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பங்கு முகவர்கள், சிசிடிவி அறைகள், லாரிகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் இடங்கள். இவர்களுக்கு இரண்டு கார்டுதான் சரி. ஆனால் இங்கேதான் தவறான ஆலோசனை அதிகம்.

"ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும், நடுவுல பிரிட்ஜ் போட்டுக் கோர்க்கணும்" என்பார்கள். கோர்ப்பது எஸ்எல்ஐ என்ற வேறு விஷயம். ஒரே விளையாட்டை இரண்டு கார்டுகள் பங்கிட்டு வரைவதற்காக வந்தது. தொடக்க ஆண்டுகளில் எஸ்எல்ஐயை இயக்கினால் பல திரைகளைப் பயன்படுத்தவே முடியவில்லை. 2021 தொடக்கத்தோடு டிரைவரில் அதற்கான புதிய புரொஃபைல்களைச் சேர்ப்பதையும் என்விடியா நிறுத்திக்கொண்டது. திரைகளைக் கூட்டுவதற்கும் அந்தப் பிரிட்ஜுக்கும் தொடர்பே இல்லை. கார்டுகள் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு விண்டோஸ் விஸ்டாவும் ஒரு காரணம். 2007-ல் வந்த விஸ்டா எல்லாக் கார்டுகளும் ஒரே டிரைவரில் ஓட வேண்டும் என்று கேட்டது. 2009-ல் விண்டோஸ் 7 அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இன்று என்விடியா ஒன்று, ஏஎம்டி ஒன்று, இன்டெல் ஒன்று என்று ஒரே பெட்டிக்குள் வைக்கலாம்.

சிக்கல் வருவது ஒரே நிறுவனத்தின் பழையதையும் புதியதையும் சேர்க்கும்போது. ஒருவர் கையில் ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கிறது, கூடவே மலிவாக ஒரு ஜிடி 710 வாங்கிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜிடி 710 கெப்ளர் தலைமுறை. அதற்கான கடைசி டிரைவர் 470 வரிசை. 2023-ல் வந்த 4060-ஐ அந்த வரிசைக்குத் தெரியாது. புதிய டிரைவருக்கோ கெப்ளரைத் தெரியாது. ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் மற்றது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு உட்கார்ந்திருக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று திரும்பக் கொண்டுபோவார்கள். கார்டில் ஒரு குறையும் இருக்காது. 'இரண்டையும் ஒரே டிரைவர் தாங்குமா' என்ற கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் போதும்.

"ரெண்டாவது ஸ்லாட்டு மெதுவானது, அதுல போட்டா வீண்" என்பது அடுத்தது. அந்த ஸ்லாட்டு நீளமாக இருந்தாலும் உள்ளே நான்கு தடங்களோ ஒரே தடமோ மட்டும் இணைக்கப்பட்டிருக்கலாம், அது உண்மை. விளையாட்டுக்கு அது குறைதான். எக்செல், பாரம், வரைபடம் போன்றவற்றுக்கு ஒரு தடமே தாராளம். திரையில் நிற்கும் படம் கார்டின் சொந்த நினைவகத்திலிருந்து போகிறது. மாறிய பகுதி மட்டுமே ஸ்லாட்டைக் கடந்து வர வேண்டும். ஒரே தடத்தில் ஓடி நான்கு எச்டிஎம்ஐ தரும் கார்டை அசூஸ் 2020-ல் விற்றதற்குக் காரணம் இதுதான். ஒரு கார்டின் திரையில் ஓடும் வீடியோவை மற்றக் கார்டின் திரைக்கு இழுத்தால் சிலசமயம் திக்கும். வீடியோவும் கனமான மென்பொருளும் பெரிய கார்டின் திரைகளிலேயே இருக்கட்டும்.

1000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பதும் வேண்டாத பயம். காட்சிக்கு மட்டும் பயன்படும் கார்டுகள் மிகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும்: என்விடியா டி400 30 வாட், டி600 40 வாட். ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். தனி மின்கம்பி தேவையில்லை. மின்சாரத்தைவிட வெப்பத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பெரிய கார்டின் விசிறி கீழே பார்த்திருக்கும். அதன் வாயருகே இரண்டாவது கார்டைச் சொருகினால் காற்று அடைபடும். மாலையில் ஏர்கோனை நிறுத்திவிட்டுக் கணினியை ஓட விடும் அலுவலகங்களில் இது சீக்கிரம் தெரியும். ஒரு ஸ்லாட்டு இடைவெளி விட்டுப் போடுங்கள்.

கண்டிப்பாக இரண்டாவது கார்டு வேண்டும் என்று முடிவானால் என் தேர்வு டி600. நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட், ஒரே ஸ்லாட்டு அகலம், கெப்ளரைவிடப் புதிய டூரிங் தலைமுறை. செகண்ட் ஹேண்டில் என்விஎஸ் 510 மலிவாகக் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம், அதுவும் கெப்ளர்தான். ஜிடி 1030 வாங்க நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். அது பாஸ்கல், அந்தத் தலைமுறைக்கு 580 வரிசையே கடைசி என்று என்விடியா 2025-ல் அறிவித்துவிட்டது. இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே, அவையும் 2028 அக்டோபர் வரைதான்.