'கரண்ட் வசதி உண்டு'ன்னு எழுதினா போதுமா?

ஒரு கடை வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படிச்சுப் பாருங்க. விழுப்புரமோ திண்டிவனமோ, வாசகம் அநேகமா ஒரே மாதிரிதான் இருக்கும். நான்கு எல்லை, முன்பணம், மாத வாடகை, 11 மாதம். மின்சாரத்துக்கு மட்டும் ஒரே வரி: 'மின் கட்டணத்தை வாடகைதாரரே செலுத்த வேண்டியது.' எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, எந்த டேரிஃப்னு எதுவுமே இருக்காது. மெஷின்ஸ், பவர் சிஸ்டம்ஸ்னு அரியர் வெச்சுப் படிக்கிற நமக்கே அதைத் தேடணும்னு தோணுறதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். திண்டிவனம் நேரு வீதியில ஒருத்தர் ஜெராக்ஸ் கடைக்கு இடம் பார்க்கிறார்னு வெச்சுக்குங்க. அந்த இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட். அவர் கொண்டு வர்றது 1.5 டன் ஏசி ரெண்டு, ஒவ்வொண்ணும் சுமார் 1.7 கிலோவாட். ஜெராக்ஸ் மெஷின் சூடாகும்போது 1.5, ஆறு கம்ப்யூட்டருக்கு 0.9, லைட்டும் ஃபேனும் 0.3. மொத்தம் 6.1 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்துல ஓடாது, அதனால 80 சதவீதம்னு எடுத்தாலும் 4.9 வருது. 230 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.9 வெச்சுப் பார்த்தா சுமார் 23.6 ஆம்பியர். 2 கிலோவாட்டுக்கு 10 ஆம்பியர்கூட வராது. மே மாதம் மதியம் எம்.சி.பி. ட்ரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் வந்து '32 ஆம்பியர் போட்டுடலாம் சார்'னு சொல்லிட்டுப் போவார். எம்.சி.பி. காப்பாத்துறது ஏசியை இல்ல, சுவருக்குள்ள ஓடுற வயரை. வயரை மாத்தாம எம்.சி.பி.யை மட்டும் பெருசாக்கினா, அடுத்து சூடாகப் போறது அந்த வயர்தான்.

இது வயரோட கதை. சட்டத்தோட கதை இன்னும் மோசம். 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு 'அங்கீகாரமற்ற பயன்பாடு' பற்றிப் பேசுது. வீட்டு டேரிஃப் இணைப்புல கடை நடத்தினா, அதாவது அனுமதி வாங்கின நோக்கத்துக்கு வெளியே பயன்படுத்தினா, அது இதுக்குள்ள வரும். அந்த வகைக்கு உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு மதிப்பீடு. எப்போலேர்ந்துன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா, ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கு. அந்த நோட்டீஸ் யார் கைக்கு வரும் தெரியுமா? இடத்துல இருக்கிறவர், இடத்தைக் கையில வெச்சிருக்கிறவர்னு சட்டமே சொல்லுது. இணைப்பு ஓனர் பேர்ல இருந்தாலும் கடைக்குள்ள உட்கார்ந்திருக்கிறது நீங்கதான்.

நோக்கம் மட்டும் இல்ல, அளவும் இதுல சிக்கும். ஒடிசாவுல சீதாராம் அரிசி ஆலை வழக்குல உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பு சொல்லுச்சு: ஒப்பந்த அளவுக்கு மேல மின்சாரம் இழுக்கிறதும் 126க்குள்ள வரக்கூடியதுதான். அங்க மீட்டரைத் திருத்தின குற்றச்சாட்டு எதுவும் இல்ல. வழக்கே எழுதிக் கொடுத்த எண்ணைத் தாண்டினது பத்தித்தான். நம்ம ஊரைச் சுத்தி நெல் அரவை மில்லை குத்தகைக்கு எடுக்கிறவங்க இதைப் படிக்கணும். கூடுதல் மோட்டார் ஒண்ணு 10 ஹெச்.பி. போட்டா 7.46 கிலோவாட்னு நாம எழுதுவோம். அது ஷாஃப்ட்ல கிடைக்கிற அவுட்புட். எஃபிஷியன்சி 88 சதவீதம்னா லைன்லேர்ந்து இழுக்கிறது கிட்டத்தட்ட 8.5.

சரி, ரிப்பேர் யார் தலையில? தமிழ்நாட்டுல 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டத்தோட அட்டவணை இதைப் பிரிச்சுக் கொடுக்குது. உள்ளேயும் வெளியேயும் உள்ள வயரிங் ஓனர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர் வாடகைதாரர் பொறுப்பு. மேல சொன்ன ட்ரிப் ஆகிற எம்.சி.பி. இப்ப யாரோடது? பிரேக்கர்னு பார்த்தா உங்களோடது, மூல காரணம் வயர்னு பார்த்தா அவரோடது. சண்டை இங்கதான் ஆரம்பிக்கும். சண்டைக்காக ஓனர் கரண்ட்டைப் பிடுங்கவும் இந்தச் சட்டம் அனுமதிக்கலை.

அதனால நான் எழுதச் சொல்ற வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'மின் இணைப்பு எண் இன்னது, வணிக டேரிஃப், த்ரீ ஃபேஸ், அனுமதிக்கப்பட்ட மின்பளு 7 கிலோவாட். ஒப்படைத்த நாளில் மீட்டர் ரீடிங் இவ்வளவு, நிலுவை இல்லை. மெயின் போர்டு முதல் கடை போர்டு வரை வயர் இன்ன அளவு, எர்த்திங் உண்டு. மின்பளுவைக் கூட்ட வேண்டி வந்தால் உரிமையாளர் 15 நாளில் கையெழுத்திட வேண்டும், செலவு இன்னாருடையது.' நாலு வரிதான். 'நிலுவை இல்லை'ங்கிறதை விட்டுடாதீங்க. பழைய பாக்கியைப் புதுசா இணைப்பு கேட்கிறவரிடம் மின்வாரியம் கேட்கலாமான்னு உச்ச நீதிமன்றம் வரை போய், அதுக்கு விதி இருந்தா கேட்கலாம்னு 2023இல் கே.சி. நினான் வழக்குல முடிவாச்சு. அதே நேரம் பயத்துல 7 தேவைப்படுற இடத்துல 20னு எழுதவும் வேண்டாம். வணிக இணைப்புல நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்குலதான் ஏறும்.

பெரிய இடத்துக்கும் இதே கேள்விதான், அளவு மட்டும் மாறும். வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்துல 2024 பிப்ரவரியில திறந்த மினி டைடல் பூங்கா சுமார் 63,000 சதுர அடி. அந்த மாதிரிக் கட்டடத்துல 5,000 சதுர அடி எடுக்கிற கம்பெனிக்கு, சதுர அடிக்கு 8 வாட்னு வெச்சா 40 கிலோவாட் வேணும். குத்தகையில வெறும் சதுர அடி மட்டும் இருந்தா, சர்வர் ரூம் போடுற அன்னிக்குத்தான் இந்த 8 போதலைன்னு தெரியும். அதுல ஏசி சேர்த்தியா, ஜெனரேட்டர் முழு பளுவையும் தாங்குமா, பாதியைத்தானான்னு அப்பதான் மெயில் போட்டுக் கேட்பாங்க.

காலி பண்ணும்போது ஒரு விஷயம் பாக்கி இருக்கும். உங்க காசுல கூட்டின மின்பளுவும் நீங்க கட்டின கூடுதல் டெபாசிட்டும் ஓனர் பேர்ல இருக்கிற இணைப்போடவே போயிடும். முன்பணத்தோட சேர்த்து அது எவ்வளவு திரும்ப வரும்னு எழுதின ஒப்பந்தம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.