டிராயர் சிக்காமல் ஓட: உளி பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

மக்களே, மேசை செய்யப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது கால் கடைவதையும் பாலிஷ் போடுவதையும் பற்றித்தான். நான் டிராயரை முதலில் யோசிக்கச் சொல்வேன். கால் அரை நூல் குட்டையானால் அட்டை வைத்துச் சமாளிக்கலாம். பலகையில் உள்ள குறையை விரிப்பு மூடிவிடும். டிராயரில் ஒளித்துவைக்க இடமில்லை. தினமும் இழுக்கிற கைக்கு உங்கள் வேலையின் தரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

1. மழையைக் கணக்கில் எடுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. அறுத்துக் காயவைத்து இழைத்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பெருக்கும், வெயில் காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் அனேகமாக இல்லை. எல்லாம் அகலவாக்கில்தான். ஐந்து இஞ்ச் அகலமுள்ள தேக்குப் பலகை பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையே கால் நூலுக்கு மேல் கூடக்கூடும். அதனால் வேனிலில் டிராயர் பொருத்தினால் பக்கப் பலகைக்கு மேலே அரை நூல் இடைவெளி விடுங்கள். அடைமழையில் பொருத்தினால் காகிதம் நுழையும் அளவு போதும், வெயில் வந்ததும் மரமே இடம் விட்டுவிடும். எந்த மாதம் பொருத்தினீர்கள் என்று டிராயரின் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். பின்னால் வேறொருவர் பழுது பார்க்க வரும்போது அது உதவும்.

2. தேக்கு கிடைத்தால் நல்லது. அயனி, பலா இரண்டையும் தயங்காமல் எடுக்கலாம். பலாவைத் தோட்டத்து மரம் என்று ஒதுக்குகிறவர்கள் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய் வர வேண்டும். (திங்கட்கிழமை விடுமுறை.) 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை அரசு இருந்த இடம் அது. அங்கே தாய்க் கொட்டாரத்தில் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. இத்தனை மழைக்காலம் கண்ட பிறகும் பூவேலை பிசிறில்லாமல் இருக்கிறது. மந்திரசாலைக்கும் போங்கள். மர அழிகள் சட்டத்துக்குள் எப்படிச் செருகப்பட்டிருக்கின்றன என்று கிட்டே நின்று பாருங்கள். புத்தகம் படித்து வராத பாடம் அங்கே இருக்கிறது.

நம் மேற்குப் பக்கத்தில் ரப்பர் மரம் ஏராளம். பால் வடிப்பு முடிந்து வெட்டுகிற மரத்தைப் பச்சையாகவே வாங்கி வராதீர்கள், வண்டு சீக்கிரம் துளைக்கும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைத்ததை வாங்கினால் டிராயர் பெட்டிக்கு அருமையான மரம்.

3. ஒரு இஞ்ச் கனப் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அடுக்குக்கு நடுவே குச்சி வையுங்கள், பலகையின் இரு தலைப்பிலும் பெயின்ட் பூசுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற பக்கமானால் மறைப்பும் கட்ட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் தலைப்பு வெடிக்கும்.

4. பலகையின் தலைப்பைத் திருப்பிப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அது அகலத்தில் பெருக்குவது குறைவு, படுத்துக் கிடக்கும் பலகையில் பாதி அளவுதான். அதை டிராயரின் பக்கங்களுக்கு ஒதுக்குங்கள்.

5. டிராயர் ஓடுகிற கூடு சதுரமாக இருக்க வேண்டும். அதன் சட்டங்களில் துளைக்குள் செருகுகிற கழுந்தின் கனம் மரக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. பசை போட்டு இறுக்கியதும் காயும் முன்பே மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் அப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள். கூட்டின் பின்பக்க அகலம் முன்பக்கத்தைவிடக் கால் நூல் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் டிராயர் உள்ளே போகப் போக ஆப்பு மாதிரி இறுகும். பக்கப் பலகைகளுக்கு மேலே ஒரு சட்டமும் கொடுங்கள், பாதி இழுத்தபோது டிராயர் மூக்குக் குத்தாது.

6. டிராயரின் அகலத்தைவிட ஆழம் கூடுதலாக இருக்கட்டும். பதினெட்டு இஞ்ச் அகலம் என்றால் இருபது இஞ்ச் ஆழம். அகலமாய் ஆழமில்லாமல் செய்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்ததுமே கோணித்துப் பூட்டிக்கொள்ளும்.

7. அடிப்பலகை மரத்தில் என்றால் பசை வேண்டாம். மூன்று பக்கமும் காடியில் செருகி, பின்பக்கம் நீளத் துளையில் ஒரு திருகாணி மட்டும் போடுங்கள். நார் இடமிருந்து வலமாக ஓட வேண்டும், அப்போதுதான் பெருக்கம் பின்னால் போகும், பக்கங்களைத் தள்ளாது. மேசைப் பலகைக்கும் இதே நியாயம். இரண்டடி அகலப் பலகை ஒரு நூலுக்கு மேல் நகரும். ஆணி அடித்துக் கட்டிப்போட்டால் வெடித்துப் பிளக்கும்.

8. இனிதான் பொறுமை வேண்டிய இடம். பெட்டியைக் கூட்டுக்குச் சற்றே பெரிதாகச் செய்துவிட்டு, பிறகு இழைத்துக் குறையுங்கள். ஓடுகிற சட்டத்தில் மெல்லிய பென்சிலால் நெருக்கமாகக் கிறுக்குங்கள். டிராயரை உள்ளே தள்ளி, இரண்டு முறை ஆட்டி, வெளியே எடுங்கள். உரசுகிற இடத்தில் கரி ஒட்டிப் பளபளவென்று இருக்கும். பெரும்பாலும் அது கையகலம்கூட இருக்காது. அங்கே மட்டும் ஒரே ஒரு சுருள் எடுங்கள். மறுபடி தள்ளுங்கள். உளி மழுங்கியிருந்தால் சுருள் வராது, தூள்தான் வரும். அப்போது இழைக்காமல் சாணைக்கல்லுக்குப் போங்கள். ஆத்திரத்தில் முழு ஓரத்தையும் இழைத்துத் தள்ளினால் டிராயர் லொடலொடக்கும், இழைத்த மரம் திரும்ப வராது. நடுவில் ஒற்றை விரல் வைத்துத் தள்ளினால் கடைசிவரை நேராகப் போக வேண்டும். அதுவரை இந்த வேலை முடியவில்லை.

9. ஓடுகிற பரப்பில் தேங்காய் எண்ணெயும் கிரீஸும் ஆகாது. தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். வார்னிஷும் அங்கே வேண்டாம். தேன்மெழுகு தேய்த்து, துணியால் அழுத்தித் துடையுங்கள். தேனீ வளர்க்கிற மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்க, நாம் மெழுகுக்கு அலைய வேண்டியதில்லை. கிடைக்காத நாளில் வெள்ளை மெழுகுவர்த்தி போதும்.

10. இரும்புச் சேனல் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், பக்கத்துக்கு நாலு நூல் இடம் விட வேண்டும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக் காற்று அதைத் துருப்பிடிக்க வைக்கும். மரத்தில் ஓடவிடப் பழகிய பிறகு சேனலுக்குப் போங்கள்.

11. டிராயர் நிற்கிற தடைக்கட்டையை எல்லாம் ஓடிச் சரியான பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒன்று வைத்தால் அந்த மூலையில் மட்டும் மோதித் திரும்பும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். முன்பலகை மேசை முகப்போடு ஒரே மட்டமாக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பசை போடுங்கள்.