குடலுக்குள் ஒரு காவற்படை

மாணவியரே! ஊத்துக்குளி வெண்ணெயானாலும் நாள்பட்டால் ஒரு காரல் வாடை வீசும் அல்லவா? அவ்வாடைக்குக் காரணம் பியூட்ரிக் அமிலம். அதே அமிலம் நம் பெருங்குடலிலும் நாள்தோறும் உண்டாகிறது. நமக்குச் செரிக்காத நாரையும் மாவுப்பொருளையும் அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. வெண்ணெயையே விழுங்கினால் போதாதோ? போதாது, அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

காலரா நோயாளியின் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிரைக் காக்கும். ஆயினும் பேதியை அவ்வளவாகக் குறைக்காது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் 48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல் தந்தனர். அடுத்ததற்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவும், மூன்றாவதற்கு அதே அளவு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவும் சேர்த்தனர். முடிவு 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. வழக்கமான கரைசல் குடித்தோருக்குப் பேதி நிற்கச் சராசரியாக ஏறத்தாழ 91 மணி நேரம் ஆயிற்று. அரிசி மாவுக்கு 71. செரிக்காத மாவுக்கு 57! அம்மாவு பெருங்குடலை அடைந்து அமிலமாகிறது. அமிலம் உப்பை உள்ளிழுக்க, நீரும் உடன் செல்கிறது. (சோறு ஆறும்போதும் இத்தகைய மாவு சிறிது கூடுகிறது. அதற்காகப் பழைய சோற்றைக் காலராவுக்கு மருந்தென்று எண்ணிவிடாதீர்கள்!)

இவ்வமிலங்கள் கிருமியையே நேராகத் தாக்குவதும் உண்டு. உணவை நஞ்சாக்கும் சால்மோனெல்லாக் கிருமி, குடற்சுவரைத் துளைக்கும் கருவிகளை ஹில்ஏ என்ற புரதத்தின் ஆணைப்படியே செய்கிறது. அப்புரதத்தின் 90ஆம் இடத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. பியூட்ரிக் அமிலத்தின் துண்டு அதில் போய் ஒட்டிக்கொண்டால், பூட்டில் மெழுகு அடைத்தாற்போல் புரதம் செயல் குன்றுகிறது. கிருமி உள்ளே நுழையும் ஆற்றலை இழக்கிறது. அமெரிக்காவில் ஹோவர்டு ஹாங் குழுவினர் 2020இல் இதை விளக்கினர். வியப்பு என்னவெனில், உடன்பிறப்பான அசெட்டிக் அமிலமோ சிறுகுடலின் கடைப்பகுதியில் அக்கிருமியைத் தூண்டிவிடக் கூடும்!

காவற்படை இல்லாத குடலின் கதி என்ன? இதற்கு விடை முன்பே கிடைத்தது. 1954இல் சிகாகோவில் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடற் பாக்டீரியாக்களை ஒடுக்கிப் பார்த்தனர். மற்ற எலிகளை வீழ்த்த இலட்சக்கணக்கில் சால்மோனெல்லா தேவைப்பட்டது. மருந்துண்ட எலிகளுக்கோ விரல்விட்டு எண்ணத்தக்க சில கிருமிகளே போதுமாயிருந்தன.